கேட்கத் தெரிந்த மருத்துவர்: ஹானிமன் வாழ்க்கையும் நம் உடல்நலப் படிவமும்



சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம், நினைவிருக்கும். அறுபது வயதைக் கடந்தவர்களின் உடல்நல விவரத்தை ஒரு படிவத்தில் எழுதி வாங்கிச் சங்க அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருப்பது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தால் அந்தத் தாளையும் கூடவே கொடுத்து அனுப்புவது என்று தீர்மானம் ஆயிற்று. படிவம் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. வங்கியில் முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்குப் படிவம் போடத் தெரியாதா என்று செயலாளர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரே மாலையில் இரண்டு பக்கம் அடித்து முடித்தேன். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மூச்சு வாங்குகிறதா, தூக்கம் சரியாக வருகிறதா என்று நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து படித்தபோது தூக்கம் பற்றிய கேள்வியில் கண் நின்றுவிட்டது. அம்மா ஞாபகம் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு மனிதரின் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்கக் கூடாது என்பதைச் சட்டப் புத்தகம்போல எண் போட்டு எழுதி வைத்தவர் அவர். ஹோமியோபதியை உருவாக்கிய சாமுவேல் ஹானிமன். அவர் பிறந்த ஏப்ரல் 10ஆம் தேதியைத்தான் உலக ஹோமியோபதி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இழுப்பறையில் ஒரு மருந்துப் பெட்டி

எனக்குச் சொந்த ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிற சின்ன ஊர். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் அங்கே இருப்பதால் வரலாறு படித்தவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். என் உத்தியோகத்தில் பாதிக் காலம் செஞ்சிக் கிளையில் கழிந்தது. அங்கே என்னைவிட மூத்த காசாளர் ஒருவர் மேசை இழுப்பறையில் ஹோமியோபதி மருந்துப் பெட்டி வைத்திருப்பார். அந்தக் காலத்தில் வங்கியிலும் தபால் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒருவராவது இருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தலைவலி என்று அவரிடம் போனால் உடனே உருண்டையைக் கொடுத்துவிட மாட்டார். எந்தப் பக்கம் வலிக்கிறது, எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, வெயிலில் கூடுகிறதா, அழுத்திப் பிடித்தால் குறைகிறதா, தண்ணீர் தாகம் எப்படி, தனியாக இருக்கப் பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். கடன் மனுவுக்குக்கூட நாங்கள் இத்தனை கேள்வி கேட்பதில்லை என்று நான் கிண்டல் செய்வேன். இந்தக் கேள்விகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒருநாள் விசாரித்தபோது ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதில்தான் ஹானிமனை முதலில் படித்தேன்.

பீங்கான் ஓவியரின் மகன்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மெய்சன் என்றொரு நகரம். ஐரோப்பாவில் முதன்முதலாக, 1710இல், உயர்ந்த ரகப் பீங்கான் செய்யும் ஆலை அங்கேதான் தொடங்கியது. அந்த ஆலையில் பீங்கானில் சித்திரம் தீட்டும் வேலை பார்த்தவரின் மகனாக 1755இல் ஹானிமன் பிறந்தார். மறு வருடமே ஏழாண்டுப் போர் மூண்டது. சாக்சனி படாதபாடு பட்டது. குடும்பத்துக்குக் கஷ்ட ஜீவனம். பையனைப் படிக்க வைக்கத் தகப்பனாரிடம் பணமில்லை. ஆசிரியர்கள் கட்டணம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். மொழிகள் அவருக்குச் சுலபமாக வந்தன.

1775இல் இருபது தாலர் நாணயங்களோடு லைப்சிக் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனார். அந்தப் பணம் எத்தனை நாளைக்கு? பகலில் வகுப்பு. மற்ற நேரத்தில் பிறருக்கு மொழி கற்றுக் கொடுத்தும் ஆங்கிலப் புத்தகங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தும் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார். பிறகு ஆஸ்பத்திரி அனுபவத்துக்காக வியன்னா போனார். அங்கேயும் கையிருப்பு தீர்ந்தது. இன்றைய ருமேனியாவில் இருக்கிற ஹெர்மன்ஸ்டாட் ஊரில் ஆளுநர் வீட்டு மருத்துவராகவும் நூலகராகவும் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, 1779இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அப்போது வயது இருபத்து நான்கு.

1782இல் கல்யாணம். பெண் ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவர், பெயர் யோகன்னா ஹென்ரியெட்டா. பதினொரு குழந்தைகள் பிறந்தன. வீடு நிறைந்த பிள்ளைகள், வருமானமோ நிச்சயமில்லை. இந்த நிலையில்தான் ஹானிமன் வைத்தியம் பார்ப்பதை நிறுத்தினார்.

ஏன் நிறுத்தினார் என்பதற்கு அந்தக் கால வைத்தியம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். காய்ச்சலா, நரம்பைக் கீறி ரத்தத்தை வெளியேற்று. குறையவில்லையா, இன்னொரு தடவை வெளியேற்று. அட்டை விடுவது, வாந்திக்கும் பேதிக்கும் கொடுப்பது, பாதரசத்தை அளவில்லாமல் கொடுப்பது, இவையெல்லாம் பெரிய மருத்துவர்கள் செய்தவை. 1792இல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் லியோபோல்டு திடீரென்று இறந்தார். அவருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்த அரசவை மருத்துவர்களை ஹானிமன் பத்திரிகையில் வெளிப்படையாகவே கண்டித்தார். குணப்படுத்தப் போய்க் கொன்றுவிடுவோமோ என்ற பயம் அவருக்குள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. நோயாளியிடம் காசு வாங்குவதை விட்டுவிட்டு மறுபடி மொழிபெயர்ப்புக்கே போனார். ஊர் ஊராக வீடு மாறினார். இடமாற்ற உத்தரவோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்த நமக்கு அந்தப் பாடு புரியும்.

தன் உடம்பில் ஒரு சோதனை

1790இல் அவர் மொழிபெயர்த்த ஒரு புத்தகம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் மருந்துப் பொருள்களைப் பற்றி எழுதியது. சிங்கோனா மரப்பட்டை முறைக்காய்ச்சலைப் போக்குவது அதன் கசப்பும் துவர்ப்பும் வயிற்றுக்குப் பலம் கொடுப்பதால்தான் என்று கல்லன் எழுதியிருந்தார். பிற்காலத்தில் நம் நீலகிரியில் தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டு, கொய்னா எடுத்தார்களே, அதே மரம். கல்லன் சொன்னதை ஹானிமன் ஏற்கவில்லை. பட்டையை அரைத்துச் சில நாள் இரண்டு வேளையும் தானே சாப்பிட்டுப் பார்த்தார். கை கால் சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது, தாகம் எடுத்தது. காய்ச்சல் வந்தவர் படும் அவஸ்தைகள் ஒவ்வொன்றாக வந்தன என்று குறித்து வைத்தார். எந்தப் பொருள் நல்ல உடம்பில் ஒரு தொல்லையை உண்டாக்குகிறதோ அதுவே அந்த மாதிரித் தொல்லையைப் போக்கும் என்ற முடிவுக்கு வந்தார். 1796இல் அதை ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார். ஹோமியோபதியின் தொடக்கம் இதுதான்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதற்கு நடுவில் நடந்த வேறொரு சம்பவம். 1792இல் கோத்தா பிரபு கொடுத்த ஒரு மாளிகையில் மனநோயாளிகளைப் பார்க்கும் சிறு விடுதியை ஹானிமன் தொடங்கினார். வந்த நோயாளி ஒரே ஒருவர். ஹானோவர் அரசில் பெரிய பதவியில் இருந்த கிளாக்கன்பிரிங். மூர்க்கமாக இருந்தார். அப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி அடிப்பதுதான் அன்றைய வழக்கம். ஹானிமன் கட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. முதல் இரண்டு வாரம் மருந்து எதுவும் கொடுக்காமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார். அடுத்த ஆண்டு அவர் தேறி வீடு திரும்பினார். மருந்துக்கு முன்னால் பார்ப்பதும் கேட்பதும் என்ற பழக்கம் ஹானிமனுக்கு இங்கே படிந்திருக்கிறது.

கேள்விக்கு ஒரு சட்டம்

1810இல், ஐம்பத்தைந்து வயதில், அவருடைய முக்கியமான நூலான ஆர்கனான் வெளிவந்தது. எண் போட்ட சிறு சிறு பத்திகளாக எழுதப்பட்ட நூல். பிந்தைய பதிப்புகளில் 83 முதல் 104 வரையுள்ள பத்திகள் முழுக்க நோயாளியை விசாரிக்கும் முறை பற்றியவை. ஹோமியோபதியில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், இந்த இருபத்திரண்டு பத்திகள் யாருக்கும் உபயோகப்படும். என் வார்த்தைகளில் சுருக்கித் தருகிறேன்.

நோயாளி முதலில் தன் கதையைத் தானே சொல்லட்டும். மருத்துவர் வாயை மூடிக்கொண்டு எழுத வேண்டும். விஷயத்தை விட்டு எங்கோ போனால் ஒழியக் குறுக்கிடக் கூடாது, ஏனென்றால் அறுந்துபோன பேச்சு பிறகு அதே மாதிரி திரும்ப வராது. ஒவ்வொரு தொல்லையையும் தனித்தனி வரியில் எழுதி இடையில் இடம் விட வேண்டும், பிறகு சேர்த்துக்கொள்ள வசதியாக. நோயாளி சொல்லி முடித்த பிறகு ஒவ்வொரு வரியாகத் திரும்ப எடுத்து, எப்போது, எந்த இடத்தில், எந்த மாதிரி, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கக் கூடாது. ஆம் அல்லது இல்லை என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியைக் கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் நோயாளி சோம்பலாலோ கேட்பவரைத் திருப்திப்படுத்தவோ பாதி உண்மையான பதிலைச் சொல்லிவிடுவார், மருத்துவர் கையில் பொய்யான நோய்ச் சித்திரம் சேரும் என்பது ஹானிமன் கருத்து.

நோயாளிகளின் சுபாவத்தையும் அவர் நன்றாக அறிந்திருந்தார். நாள்பட்ட நோய்க்காரர்கள் சின்னச் சின்னத் தொல்லைகளோடு வாழ்ந்து பழகிவிடுவதால் அவற்றை உடம்பின் இயல்பு என்றே நினைத்துச் சொல்லாமல் விடுவார்கள் என்கிறார். சிலர் மிகைப்படுத்துவார்கள். சிலர் கூச்சத்தாலும் பொறுமையாலும் பாதியை மறைப்பார்கள். கூட வந்த உறவினர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் நோயாளியின் சொந்த வார்த்தைக்குத்தான் அதிக மதிப்புத் தர வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் அறியாமலே அதை மாற்றிவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊர்க் குகைக்கோயில் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் மூன்று தெய்வங்களுக்கும் இந்தக் கோயிலை அமைத்ததாக மகேந்திரவர்மன் பொறித்திருக்கிறான். சிறுவயதில் அந்தப் பாறையில் ஏறி விளையாடியிருக்கிறேன். ஹானிமனின் பத்திகளைப் படித்தபோது அந்தக் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. மருத்துவர் எவற்றையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவற்றில் பெரும்பகுதி.

லைப்சிக்கிலிருந்து பாரிஸ் வரை

1812இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடத்தத் தொடங்கினார். மாணவர்களில் சிலர் மருந்துகளைத் தங்கள் உடம்பில் சோதித்துப் பார்க்க முன்வந்தார்கள். அவர்கள் உணர்ந்ததை அன்றன்றைக்கு எழுதி வர வேண்டும். ஹானிமன் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு உணர்வும் எத்தனை மணிக்கு, எப்படி என்று குறுக்கு விசாரணை செய்வார். மறுநாள் கணக்கில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அன்றன்றைய வவுச்சரைச் சரிபார்க்கும் வேலை மாதிரி.

1813இல் நெப்போலியனுக்கு எதிராக லைப்சிக்கில் பெரும்போர் நடந்தது. அதன்பின் பரவிய விஷக்காய்ச்சலில் நோயாளிகளைக் கவனித்தார். புகழும் வந்தது, பகையும் வந்தது. அந்தப் போரில் நெப்போலியனை எதிர்த்த கூட்டுப்படையின் தலைவரான ஷ்வார்சன்பெர்க் இளவரசர் 1820இல் ஹானிமனிடம் சிகிச்சைக்கு வந்து லைப்சிக்கிலேயே இறந்தார். தன் மருந்தைத் தானே தயாரித்துக் கொடுக்கிறார் என்று மருந்துக் கடைக்காரர்கள் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தார்கள். இனி அங்கே இருக்க முடியாது என்ற நிலையில் 1821இல் கோதென் என்ற சிற்றூருக்கு, அங்கிருந்த பிரபுவின் ஆதரவில் குடிபெயர்ந்தார். அங்கே பதினான்கு வருடம். தூர ஊர் நோயாளிகள் கடிதம் எழுதுவார்கள், இவர் கடிதத்திலேயே கேள்வி கேட்பார், பதில் வந்ததும் மருந்து அனுப்புவார். அந்தக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. அவர் தன் கைப்பட எழுதிய ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவேடுகளும் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. லெட்ஜர் எழுதிய கை எனக்கு, அதனால் அந்தச் செய்தியைப் படித்தபோது மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

1830இல் மனைவி காலமானார். நான்கு வருடம் கழித்துப் பாரிஸிலிருந்து மெலனி என்ற ஓவியர் சிகிச்சைக்காக வந்தார். முப்பதுகளில் இருந்த அவரை, எண்பதை நெருங்கிய ஹானிமன் 1835 ஜனவரியில் மணந்தார். அதே ஆண்டு இருவரும் பாரிஸுக்குப் போனார்கள். ஓய்வு எடுக்கிற வயதில் அங்கே மறுபடி வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, மனைவியும் கூடவே கற்றுக்கொண்டு உதவ, 1843 ஜூலை 2ஆம் தேதி எண்பத்தெட்டாவது வயதில் இறந்தார். அறுபதில் ஓய்வு பெற்று டி.வி. முன் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய வாழ்க்கை.

அவர் இறந்து நான்கே வருடத்தில், 1847இல், நம் தஞ்சாவூரில் சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு ஹோமியோபதி மருத்துவமனை நடத்தினார். 1880இல் மங்களூர் கங்கநாடியில் அகஸ்டஸ் முல்லர் என்ற பாதிரியார் ஏழைகளுக்கான ஹோமியோபதி மருந்தகம் தொடங்கினார். 1973இல் நாடாளுமன்றம் இந்த முறைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. நம் மாநிலத்தில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆளுக்கு ஆள் உடம்பு

ஹானிமன் இத்தனை கேள்வி கேட்டதற்கு அடிப்படையான எண்ணம் ஒன்று உண்டு. நோயை உண்டாக்கும் காரணம் எல்லாரையும் ஒரே மாதிரி வீழ்த்துவதில்லை, அதற்கு ஆட்படும் தன்மை அந்த நேரத்தில் அந்த உடம்பில் இருந்தால்தான் நோய் பற்றுகிறது என்று ஆர்கனானில் எழுதியிருக்கிறார். 2006இல் சிக்குன்குனியா வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வந்தது. ஒருவர் ஒரு வாரத்தில் வயலுக்குப் போனார். ஒருவருக்கு மாதக்கணக்கில் விரலை மடக்க முடியவில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் ஹோமியோபதி மருத்துவர்கள் ஆட்படும் தன்மை என்கிறார்கள்.

ஹானிமனுக்குப் பின் வந்த அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் குளோஸ் 1924இல் வெளியான தன் நூலில் அதை மாற்றக்கூடியவற்றை வரிசைப்படுத்தினார். வயது, உடல்வாகும் சுபாவமும், பழக்கமும் சூழலும், ஏற்கெனவே இருக்கும் நோய். மருந்தின் வீரியத்தை இதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. மருத்துவருக்கு மருத்துவர் இந்தக் கணிப்பு மாறுவதால், எல்லாருக்கும் பொதுவான ஒரு வினாப்படிவம் இருந்தால் நல்லது என்ற யோசனை இயல்பாகவே வரும்.

வினாப்படிவம் உருவாக்குவது கேள்வியை எழுதி அச்சடிப்பதோடு முடிகிற காரியம் இல்லை. முதலில் எதை அளக்கப்போகிறோம் என்று வரையறுக்க வேண்டும். கேள்விகளைத் தொகுத்து அனுபவசாலிகள் பலரிடம் காட்டி, தேவையில்லாததைக் கழிக்க வேண்டும். சில நோயாளிகளிடம் கொடுத்து, எந்த வார்த்தை புரியவில்லை என்று பார்த்து மாற்ற வேண்டும். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விசாரித்தால் ஒரே மதிப்பெண் வருகிறதா, அதே நோயாளியிடம் சில நாள் கழித்துக் கேட்டால் பதில் மாறுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது வணிகவியல் வகுப்பு ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம். ஒரு வவுச்சரை ஏட்டில் ஏற்றவே இல்லை என்றால் பற்றிலும் வராது, வரவிலும் வராது, கூட்டல் சரியாகவே இருக்கும். விடுபட்ட பிழை என்று பெயர். படிவமும் அப்படித்தான். கேட்கப்படாத கேள்விக்கு உரிய பதில் எந்தச் சோதனையிலும் வெளியே வராது. அதனால்தான் ஹானிமன் முதலில் நோயாளியைத் தானாகப் பேச விட்டார், கேள்வியைப் பின்னால் வைத்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹோமியோபதி மருந்து நோயைத் தீர்க்கிறதா என்ற கேள்விக்கு அறிவியல் உலகத்தின் பதில் சாதகமாக இல்லை. நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை முப்பது தடவை செய்த மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை என்பது வேதியியல் கணக்கு. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2015இல் அறிவித்தது. நம் வளாகத்தில் இந்த மருந்து சாப்பிடுபவர்கள் உண்டு, அவர்கள் மனம் நோகச் சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய மாத்திரைகளை எந்த உருண்டைக்காகவும் நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஹானிமனின் மருந்தைப் பற்றிய விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கேட்ட விதத்தை எந்த மருத்துவமும் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் படிவம்

இப்போது அம்மா விஷயம்.

அப்பா போன பிறகு அம்மா மண்டகப்பட்டு வீட்டில் தனியாகத்தான் இருந்தார். கால் வீங்கியிருக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொல்லி, ஒருநாள் டவுனில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு மத்தியானத்துக்குள் கிளைக்குத் திரும்பியாக வேண்டும். பேனாவை எடுத்து நானே நிரப்பினேன். பசி எடுக்கிறதா, ஆம். மூச்சு வாங்குகிறதா, இல்லை. தூக்கம் நன்றாக வருகிறதா, ஆம். அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வீக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

மூன்று வாரம் கழித்து நடுராத்திரியில் போன் வந்தது. மூச்சுத் திணறல். வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கொஞ்சம் தெளிந்த பிறகு, பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் குனிந்து, வீட்டில் ராத்திரி எப்படிப் போகும் என்று கேட்டார். அம்மா சொன்ன பதிலை அன்றுதான் நான் முதலில் கேட்டேன். ஆறு மாதமாக அவர் படுக்கவே இல்லை. படுத்தால் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். திண்ணைத் தூணில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடியே விடியும்வரை இருந்துவிடுவாராம். வயசானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாராம். இதய பலவீனத்துக்கு அது முக்கியமான அறிகுறி என்று அந்த மருத்துவர் பிறகு எனக்கு விளக்கினார்.

படுக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா என்னிடம் ஒரு தடவை சொல்லத்தான் சொன்னார். நான் புது இலவம்பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டேன்.

அதன்பின் இரண்டு வருடம் மருந்தோடு இருந்தார். முன்பே தெரிந்திருந்தால் ஆயுசு கூடியிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஆறு மாத ராத்திரிகளில் பாதியையாவது அவர் படுத்துத் தூங்கியிருப்பார். நோயாளியின் வார்த்தையைப் பக்கத்தில் இருப்பவர்கள் மாற்றிவிடுவார்கள் என்று ஹானிமன் எழுதியதை நான் பிற்பாடு படித்தபோது, அது என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

புதிய படிவம்

கிழித்ததற்குப் பதிலாக வேறு படிவம் தயாரித்திருக்கிறேன். இரத்த வகை, தினமும் சாப்பிடும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பவை முன்பக்கம். அவற்றுக்குக் கட்டம் போதும். பின்பக்கத்தில் ஆறே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வரி வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

1. உடம்பு எப்படி இருக்கிறது? தோன்றுகிற வரிசையில் சொல்லுங்கள்.

2. ராத்திரி எப்படிப் போகிறது? எப்படிப் படுக்கிறீர்கள், எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?

3. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மாடி ஏறியது எப்படி இருந்தது?

4. போன வருடம் செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்ட வேலை எது? ஏன் விட்டீர்கள்?

5. சாப்பாட்டில் எதைக் குறைத்தீர்கள், எதை நிறுத்தினீர்கள்? யார் சொல்லி?

6. கடைசியாகக் காய்ச்சலோ சளியோ வந்தபோது தேற எத்தனை நாள் ஆயிற்று? அதற்கு முந்தைய தடவை?

இது நோயைக் கண்டுபிடிக்கும் படிவம் இல்லை. அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர். அவர் கையில் போய்ச் சேரும் தாளில் விடுபட்ட பிழை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படியும் முதல் தடவையிலேயே சரியாக வராது. பத்து வீடுகளில் முதலில் கொடுத்துப் பார்த்து, புரியாத கேள்வியை மாற்றிவிட்டு மற்றவர்களுக்குத் தரலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்து வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

வீட்டுப் பெரியவருக்காகப் பிள்ளைகளோ மருமகளோ எழுதுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆபீஸ் புறப்படும் அவசரத்தில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைப் படித்துக் காட்டுங்கள். அவர் யோசிக்கும்போது நீங்கள் பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் எந்த வார்த்தையில் சொல்கிறாரோ அதே வார்த்தையில் எழுதுங்கள். படுக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். மெத்தை வாங்கப் போவதற்கு முன் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.